பேறுகாலத்துக்குக் காப்புறுதி உண்டா?

சுங்கை சிப்புட்டிலிருந்து தாதியம்மாவின் பதில்கள்

நம் மலேசியாவில் மருத்துவக் காப்புறுதிச் சந்தா ஏறத் தொடங்கியதிலிருந்து எனக்கு வரும் கடிதங்களின் போக்கே மாறிவிட்டது. முன்பெல்லாம் வாந்திக்கு என்ன செய்வது, கால் வீங்கினால் ஆபத்தா என்று கேட்பீர்கள். இப்போது, இது காப்புறுதியில் வருமா, அரசாங்கம் கொடுக்குமா, எந்தக் கட்சி என்ன சொல்கிறது என்று கேட்கிறீர்கள். கேட்கவேண்டிய கேள்விகள்தான். அரசாங்கக் கிளினிக்கிலும் தோட்டத்து லயங்களிலும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் தாய்மார்களோடு வாழ்ந்தவள் நான். அரசியலைத் தொடாமல் இவற்றுக்குப் பதில் சொல்ல என்னால் முடியாது, சொல்லவும் கூடாது.

கேள்வி: என் மருமகளுக்கு மெடிக்கல் கார்டு எடுத்து நான்கு ஆண்டுகளாக மாதம் 180 வெள்ளி (ரிங்கிட்) கட்டிவருகிறோம். சென்ற மாதம் ஒரு தனியார் மருத்துவமனையில் சிசேரியன் செய்து பேத்தி பிறந்தாள். 13,000 வெள்ளிக்கு மேல் வந்த பில்லைக் காப்புறுதி நிறுவனம் ஏற்க மறுத்துவிட்டது. மகன் நகையை அடகு வைத்துக் கட்டினான். ஏஜெண்டு எங்கள் பக்கத்து வீட்டுத் தம்பிதான். எங்களை ஏமாற்றிவிட்டானா? – ஒரு மாமியார், லிந்தாங்

பதில்: பேத்தியும் மருமகளும் நலமாக வீடு வந்து சேர்ந்தார்களே, அதுவே பெரிது அம்மா. அந்தத் தம்பியின் மீது பழி போடுவதற்கு முன் பாலிசிப் புத்தகத்தை எடுத்து, விலக்குகள் என்ற பகுதியை யாரையாவது வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். நம் நாட்டில் விற்கப்படும் சாதாரண மெடிக்கல் கார்டு எதை எடுத்தாலும் அந்தப் பகுதியில் கர்ப்பம், பிரசவம், சிசேரியன், கருச்சிதைவு, கருத்தடை, குழந்தைப்பேற்றுக்கான சிகிச்சை எல்லாம் ஒரே மூச்சில் எழுதப்பட்டிருக்கும். அழகுக்காகச் செய்துகொள்ளும் அறுவைச் சிகிச்சை, போரில் படும் காயம், தனக்குத் தானே செய்துகொள்ளும் தீங்கு ஆகியவையும் அதே பட்டியலில்தான் இருக்கும். ஒரு பெண் பிள்ளை பெறுவதை இவற்றோடு சேர்த்து எழுதியதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது.

நிறுவனங்கள் சொல்லும் காரணம் இதுதான்: பிரசவம் எதிர்பார்த்து நடப்பது, காப்புறுதியோ எதிர்பாராதவற்றுக்கு உரியது. கர்ப்பம் எதிர்பார்த்ததாகவே இருக்கட்டும். நஞ்சுக்கொடி கர்ப்பப்பையின் வாயை அடைத்துக்கொண்டு கிடப்பதும், எட்டாம் மாதத்தில் இரத்த அழுத்தம் ஏறி வலிப்பு வருவதும், பிள்ளை பிறந்த அரைமணி நேரத்தில் இரத்தம் நிற்காமல் ஓடுவதும் யார் எதிர்பார்த்தது? நாற்பது வயது ஆணுக்கு மாரடைப்பு வந்தால் அது எதிர்பாராதது. இருபத்தைந்து வயதுப் பெண்ணுக்குப் பிரசவத்தில் இரத்தப்போக்கு வந்தால் அது அவள் தெரிந்தே ஏற்ற செலவு. இந்தக் கணக்கை நான் ஒருநாளும் ஏற்றதில்லை.

சில நிறுவனங்கள் தாய்மைக்கென்று தனிச் சேர்க்கை விற்கின்றன. அவை பெரும்பாலும் பட்டியலில் உள்ள சில சிக்கல்களுக்கு மட்டும் ஒரு தொகை கொடுப்பவை. சாதாரணப் பிரசவச் செலவுக்கு உதவாது. அந்தத் தம்பி பிரசவத்துக்கும் உண்டு என்று சொல்லியே விற்றிருந்தால், அது வாட்ஸ்அப் செய்தியாக இருந்தாலும் போதும், அதை இணைத்து நிறுவனத்துக்கு எழுத்து மூலம் புகார் கொடுங்கள். பதில் சரியில்லை என்றால் நாட்டின் மத்திய வங்கியான பேங்க் நெகாராவிடம் கொண்டுபோகலாம். புதிதாகப் பாலிசி எடுக்கும் மற்றவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன்: புத்தகம் கைக்கு வந்த 15 நாட்களுக்குள் படித்துப் பார்த்து, வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்கும் உரிமை உங்களுக்கு உண்டு. அந்தப் பதினைந்து நாட்களை வீணாக்காதீர்கள்.

அடுத்த பிள்ளைக்கு அரசாங்க மருத்துவமனையை நம்பிப் போங்கள் அம்மா. குடிமக்களுக்கு மூன்றாம் வகுப்பு வார்டில் நாளொன்றுக்குக் கட்டணம் 3 வெள்ளி. எத்தனை நாள் தங்கினாலும் அந்த வகுப்பில் பில் 500 வெள்ளியைத் தாண்டாது. மாதம் 180 வெள்ளி கட்டுவதை உடனே நிறுத்தச் சொல்லவில்லை. விபத்துக்கும் பெரிய நோய்க்கும் அந்த அட்டை உதவும். 2024 கடைசியில் பேங்க் நெகாரா, சந்தா உயர்வைக் குறைந்தது மூன்று ஆண்டுகளுக்குப் பிரித்துப் போடும்படி நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. அதன்படி உங்கள் சந்தா எப்படி ஏறும் என்பதையும் அந்தத் தம்பியிடமே எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள்.

கேள்வி: எங்கள் வீட்டில் ஒவ்வொரு தீபாவளிக்கும் இதே சண்டை. என் அண்ணன், அரசாங்கக் கிளினிக்கின் ஒரு வெள்ளி மருத்துவம் இனி நிலைக்காது, எல்லாரும் சம்பளத்திலிருந்து ஒரு தொகை கட்டித் தேசியக் காப்புறுதி வரவேண்டும் என்கிறார். என் மைத்துனர், அரசாங்க மருத்துவத்தில் கை வைப்பவர்களுக்கு ஓட்டுப் போடவே மாட்டேன் என்கிறார். நீங்கள் யார் பக்கம்? – ஒரு வாசகர், சலாக் நார்த்

பதில்: இருவர் பேச்சிலும் நியாயம் இருக்கிறது தம்பி. முதலில் அண்ணனின் பக்கத்தைச் சொல்கிறேன், ஏனென்றால் நம் ஊரில் அதை நிதானமாகக் கேட்பவர்கள் குறைவு.

அரசாங்கக் கிளினிக்கில் விடியுமுன் போய் வரிசையில் நிற்கிறோம். டாக்டர்கள் ஒப்பந்த வேலையில் சலித்துச் சிங்கப்பூருக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போகிறார்கள். நீரிழிவும் சிறுநீரகக் கோளாறும் வீட்டுக்கு வீடு. நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை மக்கள் தங்கள் பையிலிருந்தே கொடுக்கிறார்கள். அப்படிச் சிதறிப் போகும் பணத்தை ஒரே இடத்தில் சேர்த்து, நோய் வந்தவருக்கு வராதவர் கைகொடுக்கும்படி செய்யலாமே என்பது தேசியக் காப்புறுதி கேட்பவர்களின் வாதம். ஜெர்மனி 1883லேயே தொழிலாளர்களுக்கு நோய்க் காப்புறுதிச் சட்டம் கொண்டுவந்தது. ஜப்பான் 1961இல் குடிமக்கள் எல்லாரையும் அதற்குள் கொண்டுவந்தது. அண்ணன் ஆகாயத்தைப் பார்த்துப் பேசவில்லை.

மைத்துனரின் கோபத்துக்கும் வரலாறு இருக்கிறது. 1994இல் அரசாங்க மருந்துக் கிடங்கு தனியாருக்குப் போனது. 1996இல் மருத்துவமனைத் துப்புரவு, துணி வெளுத்தல், கழிவு அகற்றல் போன்ற வேலைகள் குத்தகைக்குப் போயின. அந்த வேலைகளில் இருந்தவர்களில் நம் சனங்கள் எத்தனை பேர் என்பது அரசாங்க மருத்துவமனையில் வேலை பார்த்த யாருக்கும் தெரியும். 2008இல் தேசிய இருதயக் கழகத்தைச் சைம் டார்பி நிறுவனம் வாங்கப் போகிறது என்ற செய்தி வந்ததும் நாடே கொதித்தது. அரசாங்கம் அதை நிறுத்தி வைத்தது. 2012 வாக்கில் ஒன்கேர் என்ற தேசியக் காப்புறுதித் திட்டம் வெளியே தெரிந்தபோது, வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு வரை பிடித்துவிடுவார்கள் என்ற அச்சம் பரவி, பெரிய எதிர்ப்பு கிளம்பியது. 2008 முதல் 2018 வரை நம் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த டாக்டர் மைக்கல் ஜெயக்குமார் தேவராஜ், தாமே ஒரு மருத்துவர், இந்தத் தனியார்மயத்தை எதிர்த்துத் தொடர்ந்து குரல் கொடுத்தவர். 2023 ஜூனில் நாடாளுமன்றம் ஏற்றுக்கொண்ட சுகாதார வெள்ளை அறிக்கை, அரசாங்கம் சுகாதாரத்துக்குச் செலவிடுவதைக் கூட்டவேண்டும் என்கிறது. பணம் வரும் வழியை மாற்றவேண்டும் என்றும் சொல்கிறது. ஆக, இந்தச் சண்டை இன்னும் பல தீபாவளிக்கு ஓடும்.

என் பக்கத்தைக் கேட்டீர்கள். நான் வரிப்பணத்தில் நடக்கும் மருத்துவத்தின் பக்கம். காரணத்தைக் காட்ட வேண்டுமென்றால் உங்கள் வீட்டில் பிள்ளை பெற்றவர்களிடம் பிங்க் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

கர்ப்பம் உறுதியானதும் அரசாங்கத் தாய்சேய் கிளினிக்கில் கொடுக்கிற பதிவுப் புத்தகம் அது. உள்ளே உயரம், எடை, இரத்த அழுத்தம், இரத்தத்தில் இரும்புச் சத்தின் அளவு, சர்க்கரைத் தண்ணீர் குடிக்கவைத்து எடுத்த சோதனை, பிள்ளையின் இதயத் துடிப்பு எல்லாம் வாரம் வாரமாக எழுதியிருக்கும். புத்தகத்தின் மேல் ஒரு வண்ண ஒட்டி இருக்கும். வெள்ளை என்றால் தாதியே பார்த்துக்கொள்ளலாம். பச்சை என்றால் டாக்டர் பார்க்கவேண்டும். மஞ்சள் என்றால் நிபுணரிடம் அனுப்பவேண்டும். சிவப்பு என்றால் அந்தக் கணமே மருத்துவமனை. மஞ்சள் ஒட்டி போட்ட ஒரு தோட்டத்துப் பெண் தவணை நாளில் வரவில்லை என்றால், அவள் வீட்டைத் தேடிப் போவது எங்கள் வேலை. பால்மரக் காட்டுப் பாதையில் மழைக்காலத்தில் மோட்டார் சைக்கிள் சறுக்கும். போய்ச் சேர்ந்தால், "வெட்டுக்கு ஆள் இல்லை மிஸ்ஸி, அதனால்தான் வரவில்லை" என்பாள். அங்கேயே திண்ணையில் உட்காரவைத்து அழுத்தம் பார்ப்போம். பிள்ளை பிறந்த பிறகும் வீட்டுக்கே போய்த் தொப்புளைப் பார்ப்போம், தையலைப் பார்ப்போம், தாயின் முகத்தையும் பார்ப்போம், ஏனென்றால் பேசாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் தாய்க்கும் மருத்துவம் தேவை.

அந்தப் புத்தகத்தில் எந்தப் பக்கத்திலும் பாலிசி எண் எழுத இடமில்லை. நாட்டில் ஒரு தாய் பிரசவத்தில் இறந்தால், ஏன் இறந்தாள், எங்கே தாமதம் என்று 1991 முதல் அமைச்சு ஒவ்வொரு மரணத்தையும் விசாரிக்கிறது. யாரையும் தண்டிக்க அல்ல, அடுத்தவளைக் காப்பாற்ற. பில் போடுகிறவன் இந்த வேலையைச் செய்யமாட்டான். வராத நோயாளியைத் தேடிப் போவதில் அவனுக்கு என்ன ஆதாயம்?

காப்புறுதி முறையில் எனக்குள்ள பெரிய அச்சம் தோட்டத்துக்காரர்களைப் பற்றியது. சம்பளச் சீட்டு உள்ளவனிடம் சந்தா பிடிக்கலாம். கொந்தராக்கில், அதாவது குத்தகைக்காரரிடம், நாள் கூலிக்குச் செம்பனைக் குலை பொறுக்குகிறவளிடம் யார் பிடிப்பது? மூன்று மாதம் வேலையில்லாமல் சந்தா நின்றால், நான்காம் மாதம் அவளுக்கு வலி வந்தால், கவுண்டரில் என்ன சொல்வார்கள்? தாய்லாந்து 2002இல் முப்பது பாட் கட்டினால் மருத்துவம் என்ற திட்டத்தைக் கொண்டுவந்தபோது சந்தாவை நம்பவில்லை. வரிப்பணத்தில் ஏழைகளையும் விவசாயிகளையும் சேர்த்தார்கள். பிரசவத்தையும் அதற்குள்ளேயே வைத்தார்கள். நம் வடக்கு எல்லைக்கு அப்பால் நடந்தது இது.

அண்ணனிடம் இதையும் சொல்லுங்கள். ஜப்பானில் அத்தனை பேருக்கும் காப்புறுதி இருந்தும், சிக்கலில்லாத பிரசவத்தை நோயல்ல என்று சொல்லி வெளியே வைத்தார்கள். அதற்கு ஈடாக ஒரு தொகை தருகிறார்கள். 2023 ஏப்ரலில் அதை 5 லட்சம் யென்னாக உயர்த்தினார்கள். மருத்துவமனைகள் கட்டணத்தை ஏற்ற ஏற்ற, அந்தத் தொகை பின்னாலேயே ஓடிக்கொண்டிருக்கிறது. எனவே தேசியக் காப்புறுதி என்று யாராவது மேடையில் பேசினால் அண்ணனும் மைத்துனரும் சேர்ந்தே ஒன்று கேட்கட்டும்: கர்ப்பமும் பிரசவமும் கருத்தடையும் திட்டத்துக்குள்ளா, வெளியேயா? உள்ளே என்று எழுத்தில் கொடுத்தால் அப்புறம் மற்றதைப் பேசலாம்.

கேள்வி: கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ச் சோதனைக்கு வரச்சொல்லிக் கிளினிக்கில் கூப்பிடுகிறார்கள். கூச்சமாக இருக்கிறது. காசும் ஆகுமா? – ஒரு வாசகி, சிம்மோர்

பதில்: அரசாங்கக் கிளினிக்கில் காசு உங்களுக்குத் தடையாக இருக்காது. இப்போது பல கிளினிக்குகளில் இந்தப் புற்றுநோயை உண்டாக்கும் எச்பிவி கிருமிக்கான சோதனை வந்துவிட்டது. மாதிரியைத் திரைக்குப் பின்னால் நீங்களே எடுத்துக்கொடுக்கலாம். வேறு யாரும் தொட வேண்டியதில்லை. 2010 முதல் 13 வயது மாணவிகளுக்குப் பள்ளியிலேயே அந்தக் கிருமிக்கான தடுப்பூசி போடுகிறார்கள். மகள் இருந்தால் அவளுடைய அட்டையைப் பாருங்கள். இந்த வாரமே போங்கள் தங்கச்சி. முற்றிய பிறகு வந்த பெண்களை நான் பார்த்திருக்கிறேன், எல்லாரும் சொன்னது கூச்சம் என்றுதான்.

கேள்வி: நான் ஆறாம் படிவ மாணவி. கருத்தடைக்கும் கருக்கலைப்புக்கும் பொதுமக்கள் பணத்தைச் செலவிடலாமா என்று பள்ளியில் விவாதப் போட்டி. அமெரிக்காவில் இதற்காக இவ்வளவு அடித்துக்கொள்கிறார்களே, ஏன்? – மாணவி, கோலகங்சார்

பதில்: நல்ல தலைப்பு மகளே. எந்தப் பக்கம் பேசினாலும் எதிர்ப்பக்கத்தையும் படித்துக்கொண்டு போ.

அமெரிக்காவில் அரசாங்கம் எல்லாருக்கும் மருத்துவம் தருவதில்லை. முதியவர்களுக்கு மெடிகேர், ஏழைகளுக்கு மெடிகெய்ட், இரண்டும் 1965இல் வந்தவை. மற்றவர்களுக்கு முதலாளி எடுத்துத் தரும் காப்புறுதி, அல்லது சொந்தமாக வாங்குவது. அந்நாட்டில் பத்துப் பிரசவங்களில் நான்குக்கு மெடிகெய்ட்தான் பணம் கட்டுகிறது. அதனால் மெடிகெய்ட் எதற்குக் கொடுக்கும், எதற்குக் கொடுக்காது என்பது ஏழைப் பெண்ணின் வாழ்க்கையையே தீர்மானிக்கிறது.

1976இல் ஹென்றி ஹைட் என்ற காங்கிரஸ் உறுப்பினர் கொண்டுவந்த திருத்தம், கருக்கலைப்புக்கு மத்திய அரசின் பணத்தைச் செலவிடக் கூடாது என்றது. தாயின் உயிருக்கு ஆபத்து போன்ற சில விலக்குகளோடு அது ஆண்டுதோறும் செலவுச் சட்டத்தில் சேர்ந்துவருகிறது. ஆதரிப்பவர்கள், கருவும் ஓர் உயிர் என்று நம்புகிறவனின் வரியை வாங்கி அதற்குச் செலவிடுவது அவன் மனசாட்சியை மிதிப்பது என்கிறார்கள். எதிர்ப்பவர்கள், பணக்காரப் பெண்ணுக்குக் கிடைப்பதை ஏழைக்கு இல்லையென்றால் அது உரிமையே இல்லை என்கிறார்கள். 1980இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் திருத்தம் செல்லும் என்று தீர்ப்பளித்தது.

கருத்தடையின் கதை வேறு. 2010இல் அதிபர் ஒபாமா கையெழுத்திட்ட சட்டத்துக்கு முன், தனியாக வாங்கும் காப்புறுதிகளில் பல, நம் லிந்தாங் அம்மாவின் கார்டைப் போலவே, பிரசவத்தை வெளியே வைத்திருந்தன. அந்தச் சட்டம் மகப்பேற்றைக் கட்டாயம் சேர்க்கவேண்டிய பட்டியலில் வைத்தது. அதன் கீழ் வந்த விதிகள், கருத்தடையைக் கூடுதல் கட்டணமின்றித் தரச் சொல்லின. தங்கள் மதத்துக்கு ஒவ்வாத சில கருத்தடை முறைகளுக்குப் பணம் கட்ட மாட்டோம் என்று ஹாபி லாபி என்ற கைவினைப் பொருள் கடைக் குடும்பம் வழக்குப் போட்டு 2014இல் வென்றது. 2022 ஜூனில், கருக்கலைப்பு அரசியலமைப்பு தந்த உரிமை என்ற ஐம்பதாண்டு நிலையை உச்ச நீதிமன்றம் மாற்றியது. இப்போது மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறு.

பிரிட்டனில் 1974 முதல் தேசியச் சுகாதாரச் சேவையில் கருத்தடை இலவசம். அங்கே அது தேர்தல் மேடைக்கு வருவதில்லை. நம் நாட்டையும் மறக்காதே. 1966இல் சட்டம் போட்டு குடும்பக் கட்டுப்பாட்டு வாரியம் அமைத்தது நம் அரசாங்கம். இன்று எல்பிபிகேஎன் என்று சொல்கிறோமே, அதுதான். 1984இல் மக்கள்தொகை 7 கோடியாக வளரவேண்டும் என்ற கொள்கை வந்தது, வாரியத்தின் நோக்கமும் பெயரும் மாறின. ஆனாலும் கிளினிக்கில் மாத்திரையும் ஊசியும் நிற்கவில்லை.

என் கருத்து: கருத்தடைக்கு அரசாங்கம் தாராளமாகச் செலவிட வேண்டும். ஐந்து பிள்ளை பெற்று இரத்தச் சோகையோடு ஆறாவது வயிற்றில் வந்தவளைப் பார்த்தவர்கள் வேறு மாதிரி பேசமாட்டார்கள். ஒரு டாக்டருக்கோ தாதிக்கோ மனசாட்சி இடம் கொடுக்கவில்லை என்றால் விலகிக்கொள்ளட்டும், அதை மதிக்கிறேன். ஆனால் அவருக்குப் பக்கத்து அறையில் அதைச் செய்ய இன்னொருவர் இருக்கவேண்டும். ஒருவரின் மனசாட்சிக்கு விலையை இன்னொருத்தி தன் உடம்பால் கட்டக்கூடாது.

கேள்வி: எனக்கு இதயத்தில் வால்வுக் கோளாறு. பத்து வாரம் கர்ப்பம். இதைத் தொடர்வது என் உயிருக்கு ஆபத்து என்று டாக்டர் சொல்கிறார். மலேசியாவில் கருக்கலைப்பு குற்றம், போலீஸ் பிடிக்கும் என்கிறார் கணவர். பாவம் என்கிறார் மாமியார். எனக்கு வேறு இரண்டு பிள்ளைகள். – பெயர் வேண்டாம்

பதில்: தங்கச்சி, உங்கள் கடிதத்துக்குத் தனியாகவும் எழுதிவிட்டேன். இதே இக்கட்டில் இருக்கும் மற்றவர்களுக்காக இங்கேயும் சொல்கிறேன்.

கணவர் சொல்வதில் பாதிதான் சட்டம். தண்டனைச் சட்டத் தொகுப்பின் 312ஆம் பிரிவு கருக்கலைப்பைக் குற்றம் என்கிறது. ஆனால் 1989இல் வந்த திருத்தப்படி, கர்ப்பத்தைத் தொடர்வது கலைப்பதைவிடத் தாயின் உயிருக்கோ, உடல்நலத்துக்கோ, மனநலத்துக்கோ அதிக ஆபத்து என்று பதிவுபெற்ற டாக்டர் நல்லெண்ணத்தோடு முடிவு செய்தால், அவர் அதைச் செய்யலாம். குற்றமாகாது. சுகாதார அமைச்சு 2012இல் தன் மருத்துவமனைகளுக்கு இதற்கான வழிகாட்டியும் கொடுத்திருக்கிறது. இதெல்லாம் இருந்தும், சட்டமே தடுக்கிறது என்று நம்பி எத்தனையோ பெண்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள், படித்தவர்களே. அந்த அறியாமையின் மீதுதான் என் கோபம்.

மகப்பேற்று நிபுணரையும் இதய நிபுணரையும் ஒன்றாகப் பாருங்கள். கணவரையும் கூட்டிப்போய் டாக்டரின் வாயாலேயே கேட்கவையுங்கள். நாட்களைக் கடத்தாதீர்கள், வாரம் ஏற ஏற இதயத்துக்குச் சுமை கூடும், சிகிச்சையும் கடினமாகும். இணையத்தில் விற்கும் மாத்திரையை மட்டும் தொடாதீர்கள், உங்கள் இதய நிலையில் அது மரணத்தோடு விளையாடுவது.

மாமியாருக்கு: அம்மா, உங்கள் பக்தியை நான் மதிக்கிறேன். கருவில் இருப்பதை உயிர் என்று நினைத்து நீங்கள் கலங்குவது புரிகிறது. உங்கள் வீட்டில் ஏற்கெனவே இரண்டு பிள்ளைகள் அம்மா என்று கூப்பிடுகிறார்கள். அந்த அம்மாவைக் காப்பாற்றுவது எந்தச் சாமிக்கும் ஆகாததல்ல. முடிவை அவளிடம் விடுங்கள். அவள் எதை முடிவு செய்தாலும் கூட இருங்கள்.

கேள்வி: எங்கள் செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்யும் இந்தோனேசியப் பெண் ஏழு மாதக் கர்ப்பம். கிளினிக்குப் போகப் பயப்படுகிறாள். நாம் ஏதாவது செய்யமுடியுமா? – கிராணி (தோட்டத்து எழுத்தர்) ஒருவரின் மனைவி, சுங்கை சிப்புட்

பதில்: அவள் பயத்துக்குக் காரணம் உண்டு. மருத்துவப் பரிசோதனையில் கர்ப்பம் தெரிந்தால் வேலை பெர்மிட் போய்விடும். பெர்மிட் இல்லாதவர்கள் வந்தால் தகவல் கொடுக்கவேண்டும் என்று 2001இல் அமைச்சு அனுப்பிய சுற்றறிக்கை தாதிகளின் தலைக்கு மேல் தொங்குகிறது. அந்நியத் தொழிலாளர்களுக்கு 2011இல் கொண்டுவந்த மருத்துவமனைக் காப்புறுதி பிரசவத்துக்கு உதவாது. அரசாங்க மருத்துவமனையில் அந்நியருக்கான கட்டணமோ நம்முடையதைவிடப் பல மடங்கு. நம் தாத்தா பாட்டி கப்பலில் வந்து இறங்கியபோது அவர்களும் இப்படித்தான் பிறத்தியார் நாட்டில் பிள்ளை பெற்றார்கள். அப்போது தோட்டத்து ஆஸ்பத்திரியாவது இருந்தது. இதை மாற்றவேண்டியது அரசியல்வாதிகள்; அதுவரை நீங்கள் செய்யக்கூடியதைச் சொல்கிறேன்.

தோட்டத்தில் மருத்துவ உதவியாளர் இருந்தால் அவரிடம் அழுத்தம் பார்க்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் பட்டணத்துத் தனியார் கிளினிக்கில் ஒருமுறையாவது காட்டுங்கள். பணத்துக்கு அக்கம்பக்கத்தில் நாலு பேர் சேர்ந்தால் போதும். கடும் தலைவலி, கண் மங்கல், முகவீக்கம், இரத்தப்போக்கு, பிள்ளை அசையாமை, இவற்றில் எது வந்தாலும் பெர்மிட்டைப் பற்றி யோசிக்காமல் நேராக மருத்துவமனை அவசரப் பிரிவு. அவளோடு நீங்களும் போங்கள். கிராணி வீட்டு அம்மா கூட நின்றால் பேச்சு வேறு மாதிரி இருக்கும்.

கேள்வி: கொந்தராக்கில் வேலை செய்கிறேன். பிரசவ விடுப்பு 60 நாள்தான் என்கிறார் கொந்தராக்டர். எனக்கு இது மூன்றாவது பிள்ளை. – ஒரு வாசகி, தஞ்சோங் ரம்புத்தான்

பதில்: அது பழைய சட்டம். 2023 ஜனவரி 1 முதல் 98 நாள். கொந்தராக்டர் என்றாலும் முதலாளி முதலாளிதான். வேலைச் சட்டம் அவரையும் கட்டும். பிரசவத்துக்கு முந்திய ஒன்பது மாதங்களில் குறைந்தது 90 நாள் அவரிடம் வேலை பார்த்திருந்து, கடைசி நான்கு மாதங்களில் எப்போதாவது அவருடைய வேலையில் இருந்திருந்தால், விடுப்புக்குச் சம்பளமும் உண்டு. உயிரோடு ஐந்து பிள்ளைகள் இருந்தால்தான் அந்தப் பணம் கிடைக்காது, உங்களுக்கு மூன்றாவது. கர்ப்பத்தைக் காரணம் காட்டி வேலையை விட்டு நிறுத்தவும் முடியாது. உங்கள் கணவருக்கும் ஏழு நாள் தந்தையர் விடுப்பு உண்டு, அவர் தம் முதலாளியிடம் ஒரு வருடமாவது வேலை பார்த்து, முன்கூட்டியே தகவலும் கொடுத்திருந்தால்.

சம்பளச் சீட்டு இல்லையென்றால் வங்கியில் பணம் ஏறிய கணக்கு, வேலைக்கு வரச்சொல்லி வந்த செய்திகள், கூட வேலை செய்கிறவர்களின் பெயர்கள், எல்லாவற்றையும் இப்போதே சேர்த்து வையுங்கள். பிங்க் புத்தகத்தில் பிரசவத் தேதி எழுதிய பக்கத்தை ஒரு நகல் எடுத்து, விடுப்புக் கடிதத்தோடு கொந்தராக்டரிடம் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள். கையெழுத்துப் போட மறுத்தால் அன்றைக்கே ஈப்போ தொழிலாளர் இலாகாவுக்குப் போய்ப் புகார் எழுதிக் கொடுங்கள்.